வன்னியில இருந்து தெற்குக் காட்டுக்கு: கொழும்பு, சிங்கராஜ, யால, குமண சுத்தப் போறவை அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் இருக்கிறது கிளிநொச்சி. கொழும்பில இறங்கி அங்கயிருந்து தெற்குப் பக்கக் காடுகளுக்கு இதுவரைக்கும் நாலு தரம் போய் வந்திட்டன், ரெண்டு தரம் ரெயினும் பஸ்ஸும், ரெண்டு தரம் வான் பிடிச்சு வீட்டு ஆக்களோட. அதுக்குப் பிறகு பள்ளிக்கூட லீவு விட முதலே ஆராவது போன் எடுத்து "அக்கா யாலைக்குப் போறம், எப்பிடிப் போறது, எங்க நிக்கிறது" எண்டு கேக்கிறது வழக்கமாப் போச்சு. ஒவ்வொராளோடயும் ஒரு மணித்தியாலம் கதைச்சு வாய் நோகுது, அதால கேக்கிறதெல்லாத்தையும் சேத்து இதில எழுதி விடுறன்.

தெற்குக் காடு எண்டு எதையெதைச் சொல்லுறியள்?

நாலு இடம். சிங்கராஜ மழைக்காடு, நடந்துதான் பாக்கலாம். உடவளவை யானைக்கு. யால, எல்லாரும் பேர் சொல்லிக் கேக்கிறது அதுதான். யாலைக்கு அங்கால கிழக்குப் பக்கம் குமண, முந்தி யால கிழக்கு எண்டுதான் பேர், 2006 இல மாத்தினவை. வழியில பூந்தலயும் இருக்கு, பறவை பாக்கிற பைத்தியம் உள்ளவைக்கு, 1990 இல இலங்கையில முதல் முதலா ராம்சார் பட்டியலுக்குள்ள (உலகத்தில முக்கியமான ஈரநிலங்களின்ர பட்டியல்) போன ஈரநிலம் அதுதான். அஞ்சையும் ஒரே பயணத்தில முடிக்கலாம் எண்டு வெளிக்கிட்டா வானுக்குள்ள இருந்து வானத்தைப் பாத்துக்கொண்டுதான் வருவியள்.

எங்கட பக்கமே காடும் யானையும் தாராளம், பேந்தென்னத்துக்குக் காசு குடுத்து அங்க?

இதைக் கேட்டது எங்கட அம்மம்மா. "யானை வந்து வாழையை முறிச்சுப் போட்டுப் போகுது, நீ ஜீப்புக்குக் காசு குடுத்து யானை பாக்கப் போறியோ?" எண்டு. அண்டைக்கு எனக்குப் பதில் வரேல்லை. போய்ப் பாத்தாப் பிறகு சொல்லுறன், எங்கட பக்கம் நாங்கள் யானையைக் காண்றது இரவில, நாய் குலைச்சு, தகரம் தட்டி, யானை வெடி கொழுத்தி, நெஞ்சு படபடக்க. உடவளவையில ஒரு தாய் யானை பட்டப் பகலில புல்லைக் காலால தட்டிப் பிடுங்கி, அதைத் தன்ர முன்னங்காலில அடிச்சு மண்ணை உதறி, பிறகுதான் வாய்க்குள்ள வைச்சது, குட்டியும் அதே மாதிரிச் செய்யப் பாத்து மண்ணையும் சேத்துத் திண்டது. அது எங்களைக் கலைக்காம நாங்களும் அதைக் கலைக்காம அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டம். அது வன்னியில எனக்குக் கிடைச்சதில்லை.

காடு எண்டு பாத்தா யால எங்கட காட்டுக்குத் தங்கச்சி மாதிரித்தான், அதே பாலை, அதே வீரை, அதே முள்ளுப் பத்தை. சிங்கராஜதான் எங்களுக்குப் புதுசு.

எத்தினை நாள் வேணும், எங்கெங்க நிக்கிறது?

எட்டு நாள், ஏழு இரவு. முதல் இரவு கொழும்பு, ரெண்டாவது தெனியாய (சிங்கராஜவுக்கு), மூண்டாவது உடவளவை, நாலும் அஞ்சும் திஸ்ஸமகாராம (யாலைக்கு), ஆறாவது பொத்துவில் (குமணைக்கு), ஏழாவது மட்டக்களப்பு, எட்டாம் நாள் திருகோணமலை வழியா வீடு. அதாவது மேற்கால இறங்கி கிழக்கால ஏறுறது. நான் எல்லாருக்கும் அடிச்சுச் சொல்லுறது இதைத்தான், போன வழியால திரும்பி வராதேங்கோ. முதல் தரம் நாங்கள் யால பாத்திட்டு திரும்பக் கொழும்புக்கே வந்து அங்கயிருந்து கிளிநொச்சிக்கு வந்தம், ரெண்டு முழு நாள் றோட்டில போச்சு, பிள்ளையளும் புதுசா ஒண்டும் பாக்கேல்லை. கிழக்கால வந்தா வாற வழியும் பயணந்தான், அதோட வாற வழி முழுக்கத் தமிழ் கதைக்கிற ஊர்கள்.

அவ்வளவு நாள் லீவு இல்லாட்டி? ஒரு காடும் கதிர்காமமும் மட்டும் வைச்சு அஞ்சு நாளில முடியுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ரெண்டு நாளில மூண்டு பார்க் பாத்திட்டு வந்து எது எந்த இடம் எண்டு படத்தைப் பாத்தும் சொல்லத் தெரியாம நிண்டவை.

எந்த மாசம் போறது நல்லது?

இதிலதான் ஒரு இழுபறி இருக்கு. சிங்கராஜவுக்கும் காலிப் பக்கத்துக்கும் வைகாசியில இருந்து தென்மேற்கு மழை. யால, குமண, உடவளவைக்கு எங்களைப் போல ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை. ரெண்டு பக்கமும் சேத்துக் காயுற காலம் எண்டா மாசி, பங்குனிதான். அந்த நேரம் எங்கட ஆக்களுக்குக் காலபோக வெட்டு, அதால வெட்டு முடிஞ்சு நெல்லை வித்துக் காசு கையில வந்த உடன பங்குனியில போறது எல்லா வழியிலயும் தோது. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் எண்டுறது மட்டும் இடிக்கும்.

ஏப்பிரல் லீவில போறவை ஒண்டைக் கவனிக்கோணும். 13ம் 14ம் திகதி சிங்களவருக்கும் புதுவருசம், ஆனா எங்கட ஊர் மாதிரி பொங்கிக் கும்பிட்டு அடுத்த நாள் கடை திறக்கிறேல்லை, தெற்கில சின்ன ஊர்களில கடையள் நாலஞ்சு நாள் பூட்டித்தான் கிடக்கும், பஸ்ஸும் குறைவு. ஒருக்கா அந்த நேரத்தில அகப்பட்டு ரெண்டு நாள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் திண்டனாங்கள்.

ஆடி, ஆவணி யாலைக்கு நல்ல காலம், தண்ணி வத்தி மிருகம் எல்லாம் குளத்தடிக்கு வரும். ஆனா கதிர்காமத் திருவிழாவும் அந்த நேரந்தான், திஸ்ஸமகாராமவில றூம் தேடிக் களைச்சுப் போவியள். செப்டெம்பர் முதலாம் திகதியில இருந்து ஒக்டோபர் நடு மட்டும் வழமையா யாலையின்ர முதலாம் வலயத்தைப் பூட்டுவினம், வரட்சி எண்டு. சனம் போறது அந்த வலயத்துக்குத்தான், அதால அந்த ஒண்டரை மாசம் யாலைத் திட்டமே போடாதேங்கோ.

கொழும்பில கட்டாயம் நிக்கோணுமோ? நேரா ஓட ஏலாதோ?

ஓடலாம், ஆனா வேண்டாம். கிளிநொச்சியில இருந்து கொழும்பே கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர். அதுக்கு மேல தெனியாய மட்டும் ஒரே இழுவையில ஓடினா றைவருக்கு நித்திரை தூக்கும், அந்த மலை றோட்டில அது விளையாட்டில்லை. வெள்ளவத்தையில ஆருக்குத்தான் ஒரு சொந்தம் இல்லை, ஒரு இரவு படுத்தெழும்பிப் போங்கோ.

ரெயினில போறவை ஒரு மாசத்துக்கு முன்னமே சீற் புக் பண்ணப் பாருங்கோ, லீவு நாள் எண்டா கெதியா முடியும். பாதை திருத்த வேலை ஏதும் நடக்குதோ எண்டும் கேளுங்கோ. 2023 தை மாசம் அனுராதபுரத்துக்கு இங்கால பாதையைப் பூட்டினவை ஆடி மாசந்தான் திறந்தவை, அது தெரியாம ஸ்ரேசனுக்குப் போய் நிண்டு திரும்பின ஆக்களை எனக்குத் தெரியும். ஓமந்தை தாண்டேக்க மட்டும் எங்கட வீட்டில ஒரு கதை வரும், சண்டைக் காலத்தில அங்க இருந்த சோதனைச் சாவடியில சாமானை எல்லாம் இறக்கி, வரிசையில நிண்டு, பாஸ் காட்டி நடந்த காலத்தைப் பற்றி. பிள்ளையள் போனில இருந்து தலையையும் நிமித்துறேல்லை.

கொழும்பில இருந்து தெற்குக்கு ரெயினோ, பஸ்ஸோ, ஹைவேயோ?

நேரம் இருந்தா கோட்டை ஸ்ரேசனில ஏறி மாத்தறை ரெயின். போகேக்க வலது பக்கம் இருங்கோ, கடல் அந்தப் பக்கந்தான், சில இடத்தில அலை தண்டவாளத்துக்குக் கிட்டத் தெறிக்கும். ஹிக்கடுவைக்குக் கிட்ட பெரலிய எண்டொரு இடம் வரும். 2004 மார்கழி 26 சுனாமியில ரெயின் ஒண்டு அப்பிடியே அள்ளுப்பட்டு ஆயிரத்துக்கு மேல சனம் செத்த இடம் அதுதான், நினைவுத்தூபி இருக்கு. எங்கட முல்லைத்தீவும் அண்டைக்குத்தானே போனது. 2019 இல இருந்து பாதை மாத்தறை தாண்டி பெலியத்த மட்டும் போகுது.

அவசரம் எண்டா ஹைவே. கொட்டாவையில ஏறினா காலி, மாத்தறை தாண்டி மத்தளை மட்டும் ஒரே றோட், 2020 இலதான் அது முழுக்கத் திறந்தது. மகும்புர பஸ் நிலையத்தில ஹைவே பஸ் நிக்கும். மோட்டச் சைக்கிளும் ஓட்டோவும் ஹைவேயில ஏத்த விடாயினம், போன வருசம் ரெண்டு பெடியள் பைக்கில வந்து வாசலோட திருப்பி அனுப்புப்பட்டவங்கள். ஹைவேயில ஒரு குறை, தென்னையும் ரப்பரும் மதிலுந்தான் தெரியும், கடல் தெரியாது.

சிங்கராஜவில அட்டை கடிக்கும் எண்டினம், உண்மையோ?

உண்மை. அடையாள அட்டையும் வேணும், மற்ற அட்டையும் வரும். காலுக்கு நீளச் சொக்ஸ் போட்டு களிசானை அதுக்குள்ள விட்டுக் கட்டுங்கோ, உப்போ சவர்க்காரமோ பூசுங்கோ. கடிச்சா இழுத்துப் பிய்க்காதேங்கோ, உப்புப் போட்டா விழும், கொஞ்ச நேரம் இரத்தம் நிக்காது, வேற ஒண்டும் இல்லை. எங்கட ஊர் வெய்யில் காட்டில இந்தச் சனியன் இவ்வளவு இல்லாததால பெரியம்மா முதலாவது அட்டையைக் கண்டு போட்ட சத்தத்தில பறவை எல்லாம் பறந்திட்டுது.

அது ஈரக் காடு, உள்ளுக்குப் போனா மத்தியானமும் பின்னேரம் மாதிரித்தான் வெளிச்சம், மரத்தில பாசி, பாசியில பன்னம், எங்க கை வைச்சாலும் ஈரம். 1970களில பலகைக்கு எண்டு இந்தக் காட்டை மெசினால வெட்டத் தொடங்கி, சனம் எதிர்த்து 1977 இல நிப்பாட்டினது. 1988 இல உலக பாரம்பரியச் சொத்து ஆக்கினவை. அண்டைக்கு நிப்பாட்டாட்டி இண்டைக்கு ஒண்டும் இராது. மிருகம் பெரிசாக் காணமாட்டியள், யானையும் சிறுத்தையும் தேடிப் போகாதேங்கோ. பறவை, ஓணான், தவளை, பெரிய மரம். நீல நிறத்தில சிவத்தச் சொண்டோட ஒரு பறவை இருக்கு, இலங்கையில மட்டுந்தான் அது, அதைக் கண்டாலே காணும்.

வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் போக விடுவினம். எங்கட வழிகாட்டி ஒரு பாம்பைக் காட்ட எண்டு பாதையை விட்டு இறங்கிப் பத்தைக்குள்ள போய் எங்களையும் வாங்கோ எண்டு கூப்பிட்டார். சித்தப்பா அசையேல்லை. மிதிவெடிப் பலகையைப் பாத்துப் பழகின கால், பாதையை விட்டு இறங்காது. அந்தாளுக்கு ஏனெண்டு விளங்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை.

கூடவே இன்னொண்டு, தெனியாயவில இருந்து உடவளவைக்கு றக்வானைப் பக்கத்தால இறங்கேக்க கொண்டை ஊசி வளைவு. ஏ9 இல நேரோட்டு றோட்டில ஓடிப் பழகின எங்கட வயித்துக்கு அது சரிவராது. தேசிக்காயும் சொப்பிங் பாக்கும் கைக்கெட்டுற இடத்தில வைச்சிருங்கோ.

உடவளவையோ யாலவோ, ஒண்டுக்குத்தான் காசு இருக்கு?

பிள்ளையளோட போனா உடவளவை. யானை காணாம ஒராளும் திரும்பி வாறேல்லை, வருசம் முழுக்க நிக்கும், வெளியான காடு எண்டபடியால் தூரத்திலயே தெரியும். தாயை இழந்த குட்டியளை வளக்கிற இடமும் கிட்டத்தான் இருக்கு, 1995 இல தொடங்கினது, மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுப்பினம், குட்டியள் வாசலால ஓடி வந்து ஒண்டை ஒண்டு இடிச்சுக்கொண்டு குடிக்கிறதைப் பாக்கலாம். அந்தக் குட்டியளைப் பிறகு திரும்பக் காட்டுக்குத்தான் விடுறது. கட்டி வைச்சு ஆட்டம் காட்டுற இடம் இல்லை, அதால எனக்குப் பிடிக்கும்.

சிறுத்தைதான் வேணும் எண்டா யால. 1938 இல யாலவும் எங்கட பக்கத்து வில்பத்துவும் தேசிய பூங்கா ஆனது. முழுக்க 979 சதுர கிலோமீற்றர், ஆனா நீங்கள் பாக்கப் போறது 141 சதுர கிலோமீற்றர் உள்ள முதலாம் வலயத்தை. லீவு நாளில அதுக்குள்ள ஜீப் நெரிசல் புறக்கோட்டை மாதிரி இருக்கும். ஒரு ஜீப் றைவர் சிறுத்தையைக் கண்டு மற்றவனுக்குப் போன் அடிச்சா அஞ்சு நிமிசத்தில இருவது ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். எனக்கு அது பிடிக்கேல்லை, உள்ளதைச் சொல்லுறன்.

ஜீப் எப்பிடிப் பேசுறது?

வடிவாக் கேளுங்கோ. உங்கட சொந்த வாகனத்தை நம்பாதேங்கோ, ஹயஸ் வான் அந்தக் குழியில தவழும், ஜீப்தான் பிடிக்கோணும். ஒரு ஜீப்பில பொதுவா ஆறு பேர். ரெண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் ஜீப்காசு ஒண்டுதான், அதால ஆக்களைச் சேருங்கோ. இலங்கை ஆக்களுக்கு வாசல் ரிக்கற் பெரிய காசில்லை, ஜீப்தான் கூட.

பேசேக்க நாலு விசயம் கேக்கோணும். ரிக்கற் காசு இதுக்குள்ள அடங்குதோ, வாகனத்துக்கும் வரிக்கும் எண்டு வாசலில தனியாக் கட்டுறது ஆர், அரை நாள் எண்டா எத்தினை மணித்தியாலம், எந்த வாசலால போறது. முதல் தரம் நான் இதைக் கேக்காம ஏறி, வாசலில போய் நிண்டாப் பிறகு அந்தாள் "ரிக்கற் நீங்கள்தான்" எண்டார், அதுவும் சிங்களத்தில, விடிய அஞ்சரைக்கு, பின்னால வரிசை. கையில காசு காணாம பக்கத்து ஜீப்பில இருந்த யாழ்ப்பாணத்து ஆக்களிட்டக் கடன் வாங்கினன்.

ஆறு மணிக்கு வாசல் திறக்கும். திஸ்ஸமகாராமவில இருந்து நாலரைக்கு வெளிக்கிடோணும். முழு நாள் வேண்டாம், மத்தியானம் மிருகமும் படுத்திடும் நீங்களும் படுத்திடுவியள், விடிய அரை நாள் காணும். பொலித்தீன் கொண்டு போக விடாயினம், சாப்பாட்டை டப்பாவில கட்டுங்கோ.

உள்ளுக்கு ஜீப்பால இறங்க ஏலாது. கடற்கரையில பத்தனங்கல எண்ட இடத்தில மட்டும் இறங்க விடுவினம். சுனாமி அண்டைக்குக் காடு பாக்க வந்து அதில நிண்ட ஆக்களையும் கடல் கொண்டு போனது, நினைவுச் சின்னம் வைச்சிருக்கினம். எங்களோட முல்லைத்தீவுக்காரி ஒராள் வந்தவ. எல்லாரும் இறங்கிப் படம் எடுக்க அவ ஜீப்புக்குள்ளயே இருந்தவ, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருத்தரும் வா எண்டு கூப்பிடேல்லை.

சிறுத்தை காணலாமோ? கரடி?

உறுதி சொல்லுற ஜீப்காரனை நம்பாதேங்கோ. நான் யாலைக்கு நாலு தரம் போய் ஒருக்காத்தான் கண்டன், பாறைக்கு மேல வால் தொங்கினது, அவ்வளவுதான். கரடிக்கு ஒரு காலம் இருக்கு, பாலைப்பழம் பழுக்கிற காலம். ஆனி, ஆடியில போனா கரடி பாலை மரத்தில ஏறி இருந்து பழம் தின்னும், சில நேரம் மரத்துக்குக் கீழ நிண்டு ஜீப்பையும் கவனியாது. எங்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை, சின்னனில பாலைப்பழம் திண்டு சொண்டு ரெண்டும் ஒட்டிப் பிடிச்சுக் கதைக்க ஏலாம நிண்ட ஆக்கள்தானே நாங்கள். கரடி வாயைச் சப்புக்கொட்டினதைக் கண்டு என்ர மோள் "அதுக்கும் ஒட்டுது அம்மா" எண்டாள்.

கனடாவில இருந்து மாமா ஆக்கள் வருகினம், அவைக்கும் எங்கட ரிக்கற்தானோ?

இல்லை. தமிழ் கதைச்சாலும், முருகண்டியில பிறந்தாலும், கையில இருக்கிறது வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டா வெளிநாட்டு ரிக்கற்தான், அது பல மடங்கு கூட. இரட்டைக் குடியுரிமை எடுத்து இலங்கை அடையாள அட்டை உள்ளவை அட்டையைக் கொண்டு வரோணும். இதை வாசலில போய்ச் சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை, வீட்டிலயே காசைக் கணக்குப் பாருங்கோ.

கதிர்காமம் எப்ப வைக்கிறது?

விடிய யால, பின்னேரம் கதிர்காமம். திஸ்ஸமகாராமவில இருந்து 20 கிலோமீற்றர் வராது. மாணிக்க கங்கையில முழுகி, பழத்தட்டு வாங்கிக்கொண்டு பின்னேரப் பூசைக்குப் போங்கோ. முதல் தரம் போறவைக்குச் சொல்லி வைக்கோணும், எங்கட கோயில் மாதிரி விக்கிரகத்துக்கு அபிசேகம் பாக்கிறது அங்க இல்லை. திரைதான், திரையில முருகன் வள்ளி தெய்வானை. கப்புறாளை (அங்கத்தைப் பூசாரி) வாயை வெள்ளைத் துணியால கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால போவார். அம்மா "எங்க பிள்ளை முருகன்" எண்டு கேட்டுக்கொண்டே நிண்டவ, பிறகு திரையைப் பாத்து அழுதவ. போயா நாள் எண்டா சனம் தாங்காது. செல்லக் கதிர்காமத்துப் பிள்ளையாரையும் விட்டிட்டு வராதேங்கோ.

பாதயாத்திரை ஆக்கள் மாதிரி குமணையால யாலைக்கு நடந்து போகலாமோ?

நினைச்ச நேரம் ஏலாது. யாத்திரை ஆக்கள் செல்வச் சந்நிதியில தொடங்கி வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் எண்டு நடந்து உகந்தை முருகனிட்ட வந்து சேருவினம். அங்கயிருந்து காட்டுப் பாதையை வருசத்தில ஒருக்கா, கதிர்காமக் கொடியேத்தத்தை ஒட்டித்தான் திறப்பினம், திகதி வருசா வருசம் மாறும். கும்புக்கன் ஆத்தைக் கடந்து காட்டுக்குள்ளால அஞ்சாறு நாள் நடை. அது சுற்றுலா இல்லை. அரிசி, பருப்பு, தண்ணி எல்லாம் தலையில. எங்கட ஒழுங்கையில ஒரு ஆச்சி அப்பிடிப் போய் வந்தவ, மிருகம் ஏதும் கண்டனீங்களோ எண்டு கேட்டதுக்கு "அதுகள் தங்கட பாட்டில நிண்டதுகள், கொசுதான் எங்களைத் திண்டது" எண்டா. மற்ற நாளில வாகனத்தில குமணையால யாலைக்கு வெட்டிப் போக ஏலாது, மொனராகலையால சுத்தித்தான் வரோணும்.

அப்ப திரும்பி வாறது எந்த றோட்?

கதிர்காமம், புத்தல, மொனராகலை, பொத்துவில். கதிர்காமத்துக்கும் புத்தலைக்கும் இடையில காட்டு றோட்டில யானை வந்து வாகனத்தை மறிச்சு நிண்டு வாழைப்பழம் கேக்கும், உண்மையாத்தான், சுங்கம் வாங்குற மாதிரி. குடாதேங்கோ. குடுத்துக் குடுத்துத்தான் அதுகளைக் கெடுத்து வைச்சிருக்கிறாங்கள், இல்லையெண்டா கண்ணாடியை உடைக்கிற அளவுக்கு வந்திட்டுதுகள். இருட்ட முதல் அந்த றோட்டைத் தாண்டுங்கோ.

பொத்துவிலில படுத்து விடியப் பாணமையால உகந்தைக்குப் போங்கோ. கோயில் வாசலுக்குக் கிட்டத்தான் குமண பார்க்கின்ர வாசல். யாலையோட பாக்கேக்க சனம் குறைவு, ஆனி, ஆடியில குமண வில்லு எண்ட குளத்தில பறவை கூடு கட்டும். நாங்கள் போனண்டைக்கு உள்ளுக்கு எங்கட ஜீப்போட சேத்து மூண்டே மூண்டுதான். யால பாத்துச் சலிச்ச மனம் இதில ஆறும். அதுக்குப் பிறகு அக்கரைப்பற்று, மட்டக்களப்பு, வெருகல், கிண்ணியாப் பாலம், திருகோணமலை, ஹொரவப்பொத்தானை, வவுனியா. கொக்கிளாயால முல்லைத்தீவுக்கு வெட்டி வரலாம் எண்டு வரைபடத்தைப் பாத்து நினையாதேங்கோ, நடுவில வாவி.

சிங்களம் தெரியாது, சமாளிக்கலாமோ?

சமாளிக்கலாம். கீயத எண்டா எவ்வளவு, நவத்தன்ன எண்டா நிப்பாட்டுங்கோ, சீனி அடுவென் எண்டா சீனி குறைவா. கடைசிச் சொல்லைக் கட்டாயம் பாடமாக்குங்கோ, இல்லாட்டி தெற்கில பிளேன்ரீ பாணி மாதிரி வரும். தெனியாயப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில எங்கட ஆக்கள் இருக்கினம், அம்பாந்தோட்டையில முஸ்லிம் கடையளில தமிழ் விளங்கும். சனம் நல்ல சனம். "கொஹேத இந்தலா" எண்டு கேட்டு கிளிநொச்சி எண்டா ஒரு நிமிசம் பேசாம நிப்பினம், பிறகு கூடக் கொஞ்சம் தயிர் வைப்பினம்.

சாப்பாடு?

சோறு கறி எங்கயும் கிடைக்கும், தேங்காய்ப் பால் கூட, மிளகாய்த்தூள் எங்கட மாதிரி இல்லை. மரக்கறி ஆக்கள் "மாலு எப்பா" எண்டு மீனையும் சேத்து வேண்டாம் எண்டு சொல்லோணும், அங்க கணக்கில மாசிக் கருவாடு மரக்கறிதான். திஸ்ஸமகாராம றோட்டுக் கரையில சட்டியோட எருமைத் தயிரும் கித்துள் பாணியும் விக்கினம். வன்னி எருமைத் தயிர்தான் பெரிசு எண்டு வாதாடிக்கொண்டு போன எங்கட அண்ணர் ஒரு சட்டியை முழுக்க முடிச்சிட்டு "பாணிதான் காரணம்" எண்டார்.

என்னென்ன கொண்டு போறது?

அடையாள அட்டை எல்லாரும். தொப்பி, நீளச் சொக்ஸ், வாய் கட்டத் துவாய் (யாலப் புழுதி), விடிய ஜீப்பில குளிரும் அதுக்கொரு சுவெட்டர், கோயிலுக்கு உடுப்பு வேற, தண்ணிப் போத்தல், சித்தாலேப (நோவுக்குப் பூசுற மருந்து). மண்ணிற, பச்சை உடுப்பு நல்லம், மஞ்சளும் சிவப்பும் வேண்டாம். காட்டுக்குள்ள சிக்னல் வராது, போன் வேலை செய்யாட்டிப் பயப்பிடாதேங்கோ.

காசு எவ்வளவு முடியும்?

நான் ஒரு தொகை சொன்னா அடுத்த மாசம் அது பொய்யாப் போகும், எண்ணை விலையும் ரிக்கற் விலையும் அப்பிடி. கணக்குப் பாக்கிற விதத்தைச் சொல்லுறன். வானுக்குக் கிலோமீற்றர் காசு, றைவர் படிக்காசு, அவருக்குப் படுக்கை இருக்கோ எண்டு ஹொட்டேலில கேளுங்கோ, எத்தினையோ பேர் மறந்து அந்த மனிசன் வானுக்குள்ள நுளம்போட படுக்கிறது. மூண்டு ஜீப். ஏழு இரவு றூம். மற்றதெல்லாம் சில்லறை. பத்துப் பேர் சேந்து போனா தலைக்கு வாற காசு அரைவாசியாக் குறையும், சண்டை ரெண்டு மடங்கு கூடும்.

வயசான ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

சிங்கராஜ வேண்டாம். மற்றதெல்லாம் ஓம். நாரி நோ உள்ளவை ஜீப்பில முன் சீற்.

ஒரு இடத்தை வெட்டோணும் எண்டா எதை வெட்டுவியள்?

கேட்ட எல்லாரும் குமணையைத்தான் வெட்டப் பாப்பினம், தூரம் எண்டு. நான் யாலையை வெட்டுவன். சத்தியமாத்தான். உடவளவையில யானையைப் பாத்து, கதிர்காமத்தில கும்பிட்டு, நேரா உகந்தைக்கு வந்து பின்னேரம் கோயிலடிப் பாறையில ஏறி இருங்கோ, ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் காடு. அம்மம்மாவையும் போன முறை அங்க கூட்டிக்கொண்டு போனனான். காட்டைக் கொஞ்ச நேரம் பாத்திட்டு, "உதுக்குள்ள நிக்கிறது எங்கட வாழை முறிச்சதின்ர சொந்தக்காரராத்தான் இருக்கும்" எண்டா.